அம்மாவின் வெல்வெட் ஜாக்கெட்

மதுரை

அன்புள்ள வசந்திக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? குட்டிக் கரடிப் பொம்மை செய்ய அம்மாவின் ஜாக்கெட்டை நீ பார்சலில் அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. பதில் எழுதக் கை வராததற்குக் காரணம் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அரக்கு வெல்வெட் ஜாக்கெட்டில் ஒரு கையை வீணாக்கிவிட்டேன் டீ.

துணியை மேலும் கீழுமாக மடித்து, இரண்டு துண்டையும் ஒரே வெட்டில் எடுத்ததுதான் தப்பு. வெல்வெட்டின் மேல் உள்ள முடியைத் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும். பொம்மையில் அந்த முடி மேலிருந்து கீழே இறங்க வேண்டும். எனக்கு ஒரு கால் ஏறுமுகமாகப் போய், நிறமே வேறாகத் தெரிந்தது. காது இன்னும் மோசம். சோளமுத்து அளவுத் துண்டு, திருப்பும்போதே இழை இழையாகப் பிரிந்துவிட்டது. நாற்பது வருடத் துணி! அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை.

அப்புறம் ஒரு மாதம் அதைத் தொடவே இல்லை. விளக்குத்தூண் பக்கம் வெட்டுத்துணி வாங்கிவந்து பழகினேன். நடுவிரல் உயரக் கரடிக்கு 19 துண்டு வேண்டும்: தலைக்கு மூன்று, காதுகளுக்கு நான்கு, உடம்புக்கு இரண்டு, கைகளுக்கு நான்கு, கால்களுக்கு நான்கு, உள்ளங்காலுக்கு இரண்டு. ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஓரத்தில் ஊசிமுனையால் தொட்டு வைத்தால் பிரியாது. திருப்புவதற்கு ஃபோர்செப்ஸ் இடுக்கி. உள்ளே போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு, மூக்குநுனியில் தொடங்கிக் கிள்ளிக் கிள்ளி அடைக்க வேண்டும். கை காலை மெழுகு தடவிய நூலால் உடம்புக்குள் குறுக்கே கோத்து இழுத்திருக்கிறேன், அதனால் அசையும்.

எனக்கு வலது கட்டைவிரல் மூட்டு வலி இப்போது நிரந்தரமாகிவிட்டது. வலிக்கும்போதெல்லாம் ஜெர்மனியில் கீங்கன் ஊரில் இருந்த மார்கரெட் ஸ்டைஃபை நினைத்துக்கொள்வேன். ஒன்றரை வயதில் போலியோ வந்து கால்கள் செயலிழந்தன, வலது கையும் பலவீனம். தையல் மெஷினையே திருப்பிப் போட்டு இடது கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்தவர். 1880-ல் அவர் கம்பளித் துணியில் யானை வடிவில் குண்டூசி குத்திவைக்கும் மெத்தை செய்தார். பிள்ளைகள் அதைப் பொம்மையாக எடுத்துக்கொண்டு விளையாடினார்களாம். கை கால் அசைகிற கரடியை 1902-ல் வடிவமைத்தது அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ரிச்சர்ட். அதே வருடம் அமெரிக்காவில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், கட்டிப்போட்ட கரடியைச் சுடமாட்டேன் என்று மறுத்தார். அதைக் கார்ட்டூனாகப் பத்திரிகை போட, அவருடைய செல்லப்பெயரான ‘டெடி’யே பொம்மைக்கு ஒட்டிக்கொண்டது.

ஆனால் நான் அந்த டெடியைச் செய்யவில்லை வசந்தி. நம் தெருவுக்குக் கரடிக்காரர் வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? அதன் முடியைத் தாயத்தில் வைத்துக் கட்டினால் பயம் போகும் என்று அம்மா உனக்கு வாங்கிக் கட்டினார்கள். நான் அழுததைப் பார்த்து எனக்கும் ஒன்று கட்டிவிட்டார்கள். அந்தக் கரடியின் மூக்கில் கயிறு போட்டிருந்தது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அதனால் நம் ஊர்க் கரடியைத்தான் செய்தேன், மூக்கு நீளம், நெஞ்சில் சந்தன நூலால் அந்த வெளிறிய பட்டை, கயிறு கிடையாது.

முகத்துக்குத்தான் ஐந்து சாயங்காலம் போயிற்று. கருப்புத்தலைக் குண்டூசி இரண்டைக் குத்திக் குத்திப் பார்த்தேன். நெருக்கி மேலே வைத்தால் முறைக்கிறது. கொஞ்சம் இறக்கி அகட்டினால் குழந்தையாகிவிடுகிறது. ஒரு நெல்முனை அளவுதான் வித்தியாசம். ஐந்தாம் நாள் விளக்கைப் போட்டதும், அது நிமிர்ந்து எதையோ கேட்கிற மாதிரி இருந்தது. உடனே ஊசியை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே கருகமணியை வைத்துத் தைத்தேன். புதுமண்டபத்தில் வாங்குவோமே அதே கடைதான், இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கிறது. மூக்குக்கு எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தேன்.

ஜாக்கெட்டில் அக்குள் பக்கம் முடி தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதை எறிய மனசு வரவில்லை, உள்ளங்கால் அதில்தான் வெட்டினேன். பிடித்துப் பார்க்கக் கனம் வேண்டுமென்று வயிற்றுக்குள் ஜாக்கெட்டின் ஐந்து ஹூக்கையும் பஞ்சில் பொதிந்து வைத்திருக்கிறேன். அதனால் பேரன் கையில் கொடுத்துவிடாதே, அவன் மணியைப் பிய்த்து வாயில் போடுகிற வயசு.

கூரியரில் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு நீ வரும்போது உன் கையிலேயே தருகிறேன். இன்னும் இரண்டு விரல் அகலத் துணி மிச்சம் இருக்கிறது. அதை அப்படியே உன்னிடம் தரட்டுமா, இல்லை ஒரு அணில் செய்யட்டுமா? யோசித்து எழுது.

உன்,
கலா