ஊர்ச் சிவன் கோயில் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிரதோஷ பூஜை, சிவராத்திரி, ஐப்பசி அன்னாபிஷேகம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. சந்தா பாக்கியும் வழக்கம்போல நிற்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் கோயிலை இடிக்க இருந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மேலூரைத் தாண்டி வெளியூர்களில் இருக்கும் உறுப்பினர்களின் காதுக்கு அது பல விதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இடிக்கச் சொன்னவர்கள் யாரும் கோயிலுக்கு வேண்டாதவர்கள் இல்லை. மழை பெய்தால் மகாமண்டபம் ஒழுகியது. அர்ச்சகர் ஒரு கையில் குடையும் மறு கையில் தட்டுமாகத் தீபாராதனை காட்டியதை நாம் எல்லோரும் பார்த்தோம். தென்மேற்கு மூலைத் தூண் சாய்ந்து, அதன் மேல் உத்திரம் பிளவு விட்டிருந்தது. அப்போதுதான் திருப்பூரில் தொழில் செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவர், மொத்தத்தையும் எடுத்துவிட்டு கான்கிரீட்டில் புதிதாகக் கட்டித் தருவதாகவும், ஊர் ஒரு பைசா போட வேண்டாம் என்றும் சொன்னார். ஊர்க்கூட்டத்தில் கைதட்டல் அடங்கவே நேரமானது. நம் செயற்குழுவிலும் பாதிப் பேர் கைதட்டினார்கள், அது நியாயம்தான். ஒழுகுகிற கூரைக்குக் கீழே நின்றுகொண்டு கலை, வரலாறு என்று பேசினால் யார் காது கொடுப்பார்கள்?

அடுத்த கூட்டத்தில் பேச்சைத் திருப்பியவர் கீழத்தெரு பெரியவர். "ஏன்ப்பா, நாயக்கர் மகாலை அவர் பேரன் சொக்கநாதர் காலத்துல இடிச்சு வண்டி வண்டியா திருச்சிக்குக் கொண்டுபோனாங்களே, அங்க போய் என்ன கட்டுனாங்கன்னு எவனுக்காவது தெரியுமா? மிச்சம் நின்ன கால்வாசியத்தான் இன்னைக்கு உலகமே வந்து பாக்குது" என்றார். கூட்டம் சிரித்தது. சிரித்த பிறகு யோசிக்கவும் செய்தது.

அப்புறம் கல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபம் தீயில் சேதமானது நமக்கு மறக்கவில்லை. அதைப் பழையபடி எடுத்துக் கட்டுவதற்கு ஏற்ற கல்லைத் தேடி நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் பக்கம் பட்டணம் வரை போக வேண்டியிருந்தது. மீனாட்சிக்கே அந்தப் பாடு. நாம் இடித்துப் போட்ட தூணுக்கு மாற்றுத் தூண் கிடைக்குமா? தவிர, 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பழைய கோயில்களைக் காப்பது பற்றி 75 உத்தரவுகள் போட்டிருக்கிறது. வல்லுநர்கள் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் பழங்கோயிலில் கடப்பாரை வைத்தால் வழக்கு வரும் என்று நம் உறுப்பினரான வழக்கறிஞர் எடுத்துச் சொன்னார். பக்திக்கு அசையாத சிலர் வழக்கு என்றதும் அசைந்தார்கள். எப்படியோ, மழைக்காலம் முடியும் வரை இடிப்பதில்லை என்று முடிவானது.

அந்த இடைவெளியில் மேல்தளத்தைக் கொத்திப் பார்த்தோம். நோய் எங்கே என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முன்னோர் பாவுகல்லின், அதாவது கூரையாகப் பாவிய கற்பலகைகளின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் அடித்து, அதன் மேல் தட்டோடு பதித்திருக்கிறார்கள். அதற்கு மேலே ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் ஒரு பூச்சாக சிமெண்ட் ஏறி, கல்லுக்கு வேண்டாத பாரமாக உட்கார்ந்திருந்தது. தண்ணீர் வெளியேறும் தூம்புகள் இரண்டும் அந்தப் பூச்சில் அடைபட்டுப் போயின. தேங்கிய நீரில் அரசங்கன்று வேர்விட்டு, வேர் போன வழியே தண்ணீரும் போயிருக்கிறது. ஆக, கோயில் பழசானதால் ஒழுகவில்லை; நாம் செய்த திருப்பணிகளால் ஒழுகியது. ஒழுகலை நிறுத்த நாம் பூசியதெல்லாம் ஒழுகலைத்தான் கூட்டியிருக்கிறது.

ஒப்புதல் வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனு ஓர் அலுவலகத்தில் மேசை மாறி மேசை போய், கடைசியில் "மனுவே வரவில்லை" என்றார்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரை போட்ட நகலைத் துணைச் செயலாளர் பத்திரமாக வைத்திருந்ததால் பிழைத்தோம். அவருக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

திருப்பணி முடியும் வரை சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்யும் பாலாலயம் செய்து வேலையைத் தொடங்கினோம். சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்துத் தளம் போட்டது காரைக்குடிப் பக்கத்துக் கொத்தனார். சுண்ணாம்பு சீக்கிரம் இறுகாது, அவரும் சீக்கிரம் பேசமாட்டார். "காயட்டும்" என்பதைத் தவிர வேறு பதில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சாய்ந்த மூலையில் கற்களுக்குப் பெயிண்டில் எண் போட்டுப் பிரித்து, அடித்தளத்தைச் சரிசெய்து, அதே கற்களை அதே வரிசையில் ஏற்றினார்கள்.

சுவர்ப் பூச்சைச் சுரண்டியபோது அம்மன் சன்னிதி வெளிச்சுவரில் எழுத்துகள் தெரிந்தன. மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மாணவர்களோடு வந்து மைப்படி எடுத்தார். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி உட்கார வைத்து, மையை ஒற்ற ஒற்ற, கறுப்பில் வெள்ளையாக வரி வரியாக எழுத்து எழும்பியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போக மறந்து நின்றார்கள். பாதி வரிகள் சிதைந்திருக்கின்றன. படிக்க முடிந்தவரை, கண்மாய் மடையைப் பழுதுபார்ப்பதற்கு விடப்பட்ட நிலத்தைப் பற்றியது என்றார். அந்த மடையில்தான் இன்றும் நம் கீழப்புரவு வயல்களுக்குத் தண்ணீர் பாய்கிறது. செய்தி கேட்டுப் பாசனச் சங்கத்தார் மறுநாளே வந்து பார்த்தார்கள். கோயில் பக்கமே வராத இரண்டு பேரும் அதில் உண்டு, பெயர் வேண்டாம்.

திருப்பூர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு வருத்தம் இருந்தது, மறைக்கவும் இல்லை. தலைவரும் நானும் நேரில் போய்ப் பேசினோம். மண்டபத்துக்கு அவர் ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி சுண்ணாம்பு வேலைக்கு வந்தது. மீதியில் மதிலுக்கு வெளியே கழிப்பறையும், வடபுறம் புதிய மடைப்பள்ளியும் கட்டப்படுகின்றன. அவர் ஆசைப்பட்டபடி கான்கிரீட்டில், கிரானைட் தரையோடு, அவர் தகப்பனார் பெயர்ப் பலகையோடு. மடைப்பள்ளி அளவு பெரிதுதான் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பாக்கி வேலை: கொடிமர மேடையில் சிமெண்ட் இன்னும் இருக்கிறது. வடக்கு மதிலில் வேப்பமர வேரை என்ன செய்வது என்று முடிவாகவில்லை. கும்பாபிஷேகத் தேதியை, தளம் நன்றாகக் காய்ந்தது என்று கொத்தனார் சொன்ன பிறகு குறிக்கலாம் என்பது செயற்குழுவின் கருத்து.

இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். ஒன்று, ஆண்டுதோறும் ஆடிக்குள் மேல்தளத்தைக் கூட்டி, தூம்பு அடைப்பு எடுத்து, முளைத்த செடிகளை வேரோடு களைய ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது. இரண்டு, கல்வெட்டுள்ள சுவரில் வெள்ளையடிப்பதோ, விளம்பர பேனர் கட்ட ஆணி அடிப்பதோ கூடாது; திருவிழாக் கமிட்டிக்கும் இது பொருந்தும்.

இப்படிக்கு,
செயலாளர்