10-க்கு 4 எடுத்த பள்ளி

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவுக்குக் குடிவரும் நம்மவர்கள் வீடு தேடும்போது முதலில் பார்ப்பது, அந்தப் பகுதி அரசு ஹைஸ்கூலுக்கு (இங்கே ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை) இணையதளங்கள் 10-க்கு எத்தனை போட்டிருக்கின்றன என்பதைத்தான். போன மாதம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், என் பெண் படிக்கும் பள்ளிக்கு 4 என்று போனில் பார்த்துவிட்டு, "ஏங்க, பிள்ளையை இங்கேயா சேர்த்திருக்கீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அக்கறையில்தான் கேட்டார், எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த 4 எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு விளக்கி முடிக்க அன்று ராத்திரி வெகுநேரம் ஆகிவிட்டது. அடுத்த வருடம் இங்கே வரப்போகிறவர்களும், அவர்களுக்கு ஊரிலிருந்து யோசனை சொல்லும் அப்பா அம்மாக்களும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள், அதனால் இதை எழுதுகிறேன்.

இந்த எண்களில் மாநிலத் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தேர்ச்சியில் பள்ளியின் உழைப்பு எவ்வளவு, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது எவ்வளவு என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. இது புதுச் சங்கதியும் இல்லை. 1966-இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் எடுத்த கணக்கிலேயே, பள்ளியின் கட்டடம், நூலகம் போன்ற வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டி வருகிறது என்று தெரிந்துவிட்டது.

நண்பருக்கு நான் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஒரு பள்ளியில் 100 பேர். 80 பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், சராசரி 80. மீதி 20 பேர் ஆங்கிலமே தெரியாமல் புதிதாக வந்தவர்கள், சராசரி 50. மொத்தச் சராசரி 74. சில வருடத்தில் ஊர் மாறி இரண்டு பக்கமும் 50 பேர் என்று ஆகிறது. ஆசிரியர்கள் நன்றாக உழைத்ததில் முதல் கூட்டம் 82-க்கும் இரண்டாவது கூட்டம் 56-க்கும் ஏறியிருக்கிறது. இப்போது சராசரி? 69. ஒவ்வொரு பிரிவும் முன்னேறியிருக்கிறது, ஆனால் பள்ளி ஐந்து மதிப்பெண் 'இறங்கிவிட்டது', அதைப் பார்த்து வசதியுள்ளவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போகிறார்கள், சராசரி இன்னும் இறங்குகிறது.

பள்ளியின் மதிப்பெண்ணைப் பிரிவு பிரிவாகவும் வெளியிடுகிறார்கள். அதில் ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் தேறிவிட்டால் அந்தப் பிரிவிலிருந்து வெளியே எடுத்துவிடுவார்கள். அதாவது நன்றாகப் படித்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போய்க்கொண்டே இருக்க, நேற்று விமானத்தில் வந்து இறங்கியவர்கள் உள்ளே வந்துகொண்டே இருப்பார்கள். அப்புறம் அந்தப் பிரிவின் மதிப்பெண் எப்படி உயரும்? தேறியவர்களையும் நான்கு வருடம் வரை அதே பிரிவில் வைத்துக் கணக்கிட 2015-ஆம் வருடத்து மத்திய அரசின் கல்விச் சட்டம் அனுமதிக்கிறது, அப்படியும் இந்தச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. என் பெண்ணின் வகுப்புத் தோழி ஒன்பதாம் வகுப்பில் சேரும்போது ஒரு வாக்கியம் பேசமாட்டாள்; இப்போது பதினொன்றாம் வகுப்பில் வேதியியலில் என் பெண்ணுக்கே சொல்லிக்கொடுக்கிறாள். இந்த மூன்று வருட உழைப்பு அந்த 4-இல் எந்த மூலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

'ஆசியர்' என்ற பிரிவும் அப்படித்தான். மென்பொருள் வேலைக்கு வந்த நம் வீட்டுப் பிள்ளையும், அகதி முகாமில் வளர்ந்து வந்த பூட்டான் குடும்பத்துப் பிள்ளையும் ஒரே கட்டத்தில். நம் பிள்ளைகளின் மதிப்பெண் அவர்களுடைய கஷ்டத்தை மறைத்துவிடுகிறது. வறுமைக் கணக்கும் முன்போலத் தெளிவாக இல்லை. இலவச மதிய உணவு வாங்குபவர் எத்தனை பேர் என்பதைத்தான் வெகுகாலமாக அளவுகோலாக வைத்திருந்தார்கள், இப்போது ஏழைப் பிள்ளைகள் ஓரளவு இருந்தாலே பள்ளி முழுவதற்கும் இலவசமாகக் கொடுக்க முடிகிறது. பசியோடு யாரும் வகுப்பில் உட்காரக்கூடாது, அதனால் இது நல்ல மாற்றம்தான், ஆனால் அந்த எண்ணை வைத்து இனி ஏழ்மையை அளக்க முடியாது.

சரி, அப்படியென்றால் ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி என்றால் மதிப்பெண் குறைவாகத்தான் இருக்கும், யாரும் ஒன்றும் செய்யமுடியாது என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். அந்தப் பேச்சு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷான் ரியர்டன் பல வருடத் தேர்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சிகாகோ அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள், அதாவது ஐந்து வருடத்தில், பிள்ளைகள் சராசரியாக ஆறு வருடப் படிப்பளவு முன்னேறியிருந்தார்கள். ஏழைகள் நிறைந்த, எல்லோரும் மட்டம் என்று ஒதுக்கிய ஊர் அது. ஹைஸ்கூலுக்கும் இந்த மாதிரி, பிள்ளை எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தது என்றுதான் பார்க்கவேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே பள்ளிச் செலவில் கணிசமான பங்கு உள்ளூர் சொத்து வரியிலிருந்து வருகிறது. டெக்சஸில் ஓர் ஏழைப் பள்ளி மாவட்டத்துப் பெற்றோர் இது அநியாயம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1973-இல் நீதிபதிகளில் 5 பேர் எதிராகவும் 4 பேர் ஆதரவாகவும் இருக்க, தோற்றார்கள். பிற்பாடு பல மாநிலங்கள் தங்கள் பங்கைக் கூட்டியிருக்கின்றன, ஆனாலும் விலை உயர்ந்த வீடுகள் உள்ள இடத்துப் பள்ளிக்கு இன்றும் கை ஓங்கித்தான் இருக்கிறது.

நண்பர் கடைசியில், "அப்போ எதைத்தான் பார்க்கச் சொல்றீங்க?" என்றார். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் நான்கு வருடத்தில் எத்தனை பேர் முடிக்கிறார்கள், நூற்றுக்குப் பத்து நாளுக்கு மேல் வராமல் இருப்பவர்கள் எத்தனை பேர், கல்லூரி அளவிலான பாடங்களில் எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்களா, இல்லை ஒரே பிரிவுதானா. முதல் இரண்டும் மாநிலக் கல்வித்துறை வெளியிடும் பள்ளி அறிக்கையில் பிரிவு பிரிவாகவே இருக்கும். மூன்றாவதற்கு ஒரு நாள் நேரில் போய் வகுப்பு வாசலில் நின்று பார்த்தால் போதும். வெளிநாட்டுக்குக் குடிபோகும் குடும்பங்களுக்காக நீங்கள் எழுதும்போது இந்த மூன்று கேள்விகளையும் சேர்த்து வெளியிட்டால் நன்றாக இருக்கும். நண்பர் அடுத்த வாரம் எங்கள் பள்ளிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அமெரிக்காவில் வசிக்கும் ஒரு வாசகர்