பணம் வந்து சேர்ந்தது, நீ எப்போது வருகிறாய்?

கல்லிடைக்குறிச்சி,
மார்கழி 5

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் சுகம். நீ, தங்கச்சி, பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே? நீ அனுப்பிய 5,000 ரூபாய் போன வாரம் நம்ம சங்கக் கணக்கில் ஏறிவிட்டது. ரசீதை இதோடு வைத்திருக்கிறேன். வருஷம் தவறாமல் அனுப்புகிறாய், அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை உன்னிடம் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

முதலில் ஊர் சேதி. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. நாம் குதித்துக் குளித்த படித்துறையில் இப்போதும் விடியற்காலையில் பத்துப் பேராவது நிற்கிறார்கள். சங்கத்தில் இப்போது இருபத்தொரு பேர். மாசம் ஆளுக்கு 200 ரூபாய் சந்தா. இரண்டாவது ஞாயிறு கூட்டம். மளிகைக்கடை அண்ணாச்சிதான் தலைவர். முடிந்ததும் இஞ்சிப் பச்சடியோடு சொதிச் சாப்பாடு போடும் வருஷக் கூட்டமும் நிற்கவில்லை.

போன கூட்டத்தில் கொஞ்சம் வாக்குவாதம் ஆகிவிட்டது. கையிருப்பில் இருக்கிற பணத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் குடிநீர்த் தொட்டி கட்டி, சங்கத்தின் பேரைக் கல்லில் பொறிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன், தண்ணீர் நல்ல காரியம்தான். நான் எழுந்து, கண் முகாமுக்கு வருகிறவர்களுக்கு ஆட்டோ வாடகையும், கூடப் போக ஆளும்தான் நமக்கு முதல் தேவை என்றேன். "முகாமே இலவசம்தானே, அதுக்கு என்ன செலவு?" என்று ஒரு தம்பி கேட்டான். அவனுக்கு நான் சொன்ன கதையைத்தான் உனக்கும் எழுதுகிறேன்.

முகாம் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து டாக்டர்கள் வருவார்கள். பரிசோதனை, ஆபரேஷன், லென்ஸ், அங்கே சாப்பாடு, போய்வர பஸ் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இடம் பிடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்வது, வந்தவர்களை வரிசையில் உட்கார வைப்பது நம்ம வேலை. இத்தனை இருந்தும் கண்புரை முற்றிப்போன பலர் வருவதே இல்லை. ஏன் என்று வீட்டுக்கு வீடு போய்க் கேட்டால்தான் தெரிகிறது.

கடையம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு ஆச்சி, பீடி சுற்றுகிறவள். தகர அளவை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும், அப்புறம் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்ட வேண்டும். பார்வை மங்கியதிலிருந்து அளவு தப்பிப் போய், கடையில் பாதியைக் கழித்துவிடுவார்களாம். இரண்டு வருஷம் முகாம் நோட்டீஸை வாங்கி வாங்கி ஓலைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாள், வரவில்லை. போய்க் கேட்டேன். "ரெண்டு ஆடு நிக்கி ஐயா. நான் போனா அதுகள யாரு பாப்பா?" என்றாள். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். அவ்வளவுதான் காரணம்! லென்ஸ் இலவசம், பஸ் இலவசம், ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட ஆள் இல்லை.

நம்ம தையல்கடை அக்கா அந்த இரண்டு ஆட்டையும் தன் வீட்டுத் தொழுவில் கட்டிக்கொண்டாள். ஆச்சி பஸ் ஏறினாள், நானும் கூடவே போனேன். வலது கண்ணில் ஆபரேஷன் ஆனது. திரும்பி வந்த பிறகு நாள் தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டுமே, அதற்கு அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு மாசம் கழித்து மறுபரிசோதனைக்கு அழைக்கப் போனபோது, ஆச்சி திண்ணையில் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நூல்கண்டை எடுத்து வெயிலில் நீட்டிக் காட்டி, "இத கறுப்பு நூலுன்னுல்லா நெனச்சேன். நீலமால்லா இருக்கு!" என்றாள். மாப்ளே, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இதைச் சொல்லி முடித்ததும் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பாதிப் பணம் தொட்டிக்கு, பாதி முகாமுக்கு என்று முடிவானது. கல்லில் பேர் வேண்டாம் என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார்.

2023 டிசம்பர் வெள்ளத்திலும் இதையேதான் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் கொண்டுபோக நாங்கள் ரொட்டியும் பழைய துணியும்தான் கட்டினோம். அங்கே போய் நின்று கேட்ட பிறகுதான் தெரிந்தது, ஜனங்களுக்கு வேண்டியது ஈரத் தரையில் விரிக்கப் பாய், தீப்பெட்டி, பெண்களுக்கு நைட்டி, நாப்கின். அடுத்த வண்டிக்குப் பத்தமடையில் சாதாரணக் கோரைப்பாயாக வாங்கி ஏற்றினோம். நேரில் போகாவிட்டால் ரொட்டியே திரும்பவும் போயிருக்கும்.

பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி நினைவிருக்கிறதா? நாம் படிக்கிற காலத்தில் அந்த வழியாக எத்தனை தடவை சைக்கிளில் போயிருப்போம், ஒரு நாளும் உள்ளே போனதில்லை. இப்போது நம்ம சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், பார்வையில்லாத மாணவர்களுக்குப் பரீட்சையில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதப் போகிறார்கள். அதற்கும் காசு தேவையில்லை, மூன்று மணி நேரம்தான் தேவை.

நீ போன மாசம் ரிட்டயர் ஆனதும் "இனி என்ன செய்ய என்றே தெரியவில்லை" என்று போனில் சொன்னாய். அந்தக் குரலே என் காதில் நிற்கிறது. அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்ததே அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகுதான். அதுவும் மூட்டு நோயில் விரல்கள் கோணிப்போன கையோடு. நம்மால் அந்த அளவுக்கு ஆகாது, சரி. பத்து நாள் வந்து இருக்கலாம் அல்லவா?

தை மாசம் இரண்டாவது ஞாயிறு முகாம். வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறு, காலையில் ஜங்ஷன். அங்கிருந்து செங்கோட்டை வண்டி, ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்பேன். தங்கச்சியையும் கூட்டி வா, அவள் சொந்தக்காரர்களைப் பார்த்தும் நாளாகியிருக்கும்.

ஆச்சிக்கு இடது கண் இந்தத் தடவைதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார, திரும்பி வந்ததும் சொட்டு மருந்து விட ஒரு ஆள் வேண்டும். நோட்டில் அவள் பேருக்கு நேரே உன் பேரை எழுதிவிட்டேன்.

அன்புடன்,
உன் மாப்ளே