சுற்றுலா வேன்களுக்கு பியூஸ் வரைபடம் கட்டாயமாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை சென்று திரும்பும் பக்தர்களுடன் கன்னியாகுமரிக்கு வரும் வேன்கள் பல, இரவு முழுவதும் ஓடி விடியும் முன் இங்கு வந்து சேருகின்றன. வழியில் முகப்பு விளக்கோ வைப்பரோ நின்றுவிட்டால் எந்த பியூஸைப் பார்ப்பது என்று ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. நாகர்கோவிலில் வாகன எலக்ட்ரீசியனாகத் தொழில் செய்பவன் என்ற முறையில் இது குறித்து எழுதுகிறேன்.

கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் பியூஸ் பெட்டியின் மூடியிலோ கையேட்டிலோ எந்த பியூஸ் எதற்கு என்று காட்டும் வரைபடம் இருக்கும். சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. இருக்கை, கூரை வேலைகளுக்காகப் பட்டறைக்குச் செல்லும் வேனில் கூரை விளக்குகள், டி.வி., ஆம்ப்ளிஃபையர், செல்போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கப்படுகின்றன. அவற்றுக்கான பியூஸ்கள் இருக்கைக்கு அடியிலும் கூரை ரெக்சினுக்கு உள்ளேயும் ஒளிந்திருக்கின்றன. சில இணைப்புகளில் பியூஸே இருப்பதில்லை. இவை எதுவும் கம்பெனி வரைபடத்தில் இல்லாததால், ஓட்டுநர் பெட்டியைத் திறந்து எல்லா பியூஸும் நன்றாக இருப்பதைக் கண்டு குழம்பிப்போகிறார்.

அவசரத்தில் கையில் கிடைத்த பியூஸைச் செருகிவிடுவது இதைவிட ஆபத்தானது. மின்னோட்டம் அளவு மீறினால் உருகி இணைப்பைத் துண்டிக்கும் பியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. 60 வாட் பல்புகள் இரண்டு 12 வோல்ட்டில் எரிய ஏறத்தாழ 10 ஆம்பியர் போதும். வயரின் கனமும் அதற்கேற்பவே இருக்கும். சிவப்பு நிற 10 ஆம்பியரோ நீல நிற 15 ஆம்பியரோ இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிற 30 ஆம்பியர் பியூஸைச் செருகினால், கோளாறு ஏற்படும்போது பியூஸ் உருகும் முன்பே வயரின் உறை உருகிவிடும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டிய பியூஸ்களையும் நான் கழற்றியிருக்கிறேன். பத்துப் பதினைந்து பேர் அமர்ந்திருக்கும், ஃபோமும் ரெக்சினும் நிறைந்த வண்டியில் இதைச் செய்வதை எவ்விதத்திலும் ஏற்க முடியாது.

முட்டம், குளச்சல், சின்னமுட்டம் போன்ற கடலோர ஊர்களில் நிறுத்தப்படும் வண்டிகளுக்கு உப்புக்காற்றும் ஒரு பகை. பியூஸைச் செருகும் உலோக முனையில் (டெர்மினல்) பச்சைக் களிம்பு படிந்து பிடிப்புத் தளர்ந்தால், உள்ளிருக்கும் கம்பி அறாமலேயே பியூஸின் பிளாஸ்டிக் சூடேறி இளகும். வெறும் கண்ணால் பார்த்து நல்லதென்று முடிவு செய்யாமல், பியூஸின் மேல்பக்கத்திலுள்ள இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் (சோதனை விளக்கு) வைத்துப் பார்ப்பதே சரி. பல வேன்களில் இடது, வலது முகப்பு விளக்குகளுக்குத் தனித்தனி பியூஸ் உண்டு. அத்தகைய வண்டியில் இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்தால் முதலில் இரண்டுக்கும் பொதுவான ரிலேயையும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) விளக்கு சுவிட்சையும்தான் சந்தேகிக்க வேண்டும். இதையெல்லாம் ஓட்டுநர் அறிய வரைபடம் கையில் இருக்க வேண்டும்.

எனவே, கூடுதல் வயரிங் செய்யும் பட்டறைகள் அந்த வண்டிக்குரிய முழு வரைபடத்தைத் தமிழில் எழுதி உரிமையாளரிடம் தர வேண்டும். நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் வேன்கள் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வரும்போது, அந்த வரைபடம் மூடியில் ஒட்டப்பட்டிருக்கிறதா, உரிய ஆம்பியர் பியூஸ்கள்தான் உள்ளனவா, மாற்று பியூஸ்கள் இருக்கின்றனவா என்று அதிகாரிகள் பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். முகப்பு விளக்கு, வைப்பர், பிரேக் விளக்கு ஆகிய மூன்றின் இடத்தையும், டார்ச் வெளிச்சத்தில் உடனே தெரியும்படி வரைபடத்தில் பெரிய எழுத்தில் குறித்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாகன எலக்ட்ரீசியன் ஒருவர்,
நாகர்கோவில்.