முதன்முறை நிற்கும் வேட்பாளருக்காக இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும், தேர்தல் ஆணையர்கள் இருவருக்கும்,

வணக்கம்.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுள் ஒன்றில், எக்கட்சியையும் சாராமல் முதன்முறையாகப் போட்டியிட்ட ஒருவரை முன்மொழிந்து கையெழுத்திட்ட பத்துப் பேரில் நானும் ஒருவன். அவர் ஓய்வுபெற்ற செவிலியர். தேர்தலில் தோற்றார், காப்புத்தொகையையும் இழந்தார். அதில் அவருக்கும் குறையில்லை, எனக்கும் இல்லை. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அந்த 25,000 ரூபாய் திரும்பாது என்பதை அறிந்துதான் கட்டினோம். வாக்காளர் அவரை ஏற்கவோ மறுக்கவோ தொடங்குவதற்கு முன்பே முடிந்துபோகும் சில காரியங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்; அவற்றுள் முதன்மையானது சின்னம்.

எங்கள் மாநிலத்தில் 2024 மார்ச் 20 அன்று அறிவிக்கை வெளியானது. 27ஆம் தேதி மனுத்தாக்கல் முடிந்து, 28ஆம் தேதி பரிசீலனை நடந்து, 30ஆம் தேதி திரும்பப் பெறுவதற்கான கெடு முடிந்த பிறகே இறுதி வேட்பாளர் பட்டியலும் சுயேச்சைகளுக்கான சின்னங்களும் வந்தன. அன்று சனிக்கிழமை, மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. அச்சகம் திறந்தது ஏப்ரல் 1 அன்று. சின்னம் பொறித்த முதல் துண்டறிக்கை எங்கள் கைக்கு வந்தபோது ஏப்ரல் 2ஆம் தேதி மாலை ஆகியிருந்தது. பரப்புரை ஏப்ரல் 17 மாலையோடு ஓய்ந்தது. ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளும் கொண்ட ஒரு மக்களவைத் தொகுதியில், பெயர் தெரியாத ஒருவர் தம் பெயரையும் சின்னத்தையும் ஊர் ஊராகச் சொல்லி முடிக்க எஞ்சியவை பதினைந்து நாள்கள்.

மனுத்தாக்கலுக்கு முன்பே ஊர்களுக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். போனோம். போன இடமெல்லாம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "என்ன சின்னம்?" என்பதுதான். இன்னும் தெரியாது என்று சொன்னதும், எதிரில் இருந்தவர்களின் முகத்தில் ஆர்வம் வடிவதைப் பார்த்தேன். அதை அவர்களின் அறியாமை என்று நான் கருதவில்லை. வாக்குப்பதிவு இயந்திரத்தில் பெயரும் படமும் இருந்தாலும், பொத்தானுக்கு அருகில் உள்ள சின்னத்தைத்தான் மனம் தேடுகிறது; கட்சிகள் அதைப் பல தேர்தல்களாகப் பழக்கிவைத்திருக்கின்றன. மனுவில் விருப்ப வரிசையில் மூன்று சின்னங்களைக் குறிப்பிட்டிருந்தோம். முதலாவதை, அங்கீகாரமின்றிப் பதிவு மட்டும் பெற்ற கட்சி ஒன்றின் வேட்பாளரும் கேட்டிருந்தார். 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணைப்படி அத்தகைய நிலையில் சுயேச்சை ஒதுங்க வேண்டும். இரண்டாவது குலுக்கலில் போயிற்று. மூன்றாவதே கிடைத்தது.

அதே தேர்தலில் இராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்ற முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அவர்களின் நிலையையும் இங்கே எண்ணிப் பார்க்கிறேன். மும்முறை முதலமைச்சராக இருந்தவரே பலாப்பழம்தான் தம் சின்னம் என்பதை அந்தக் குறுகிய நாள்களில் மக்கள் மனத்தில் பதியவைக்க வேண்டியிருந்தது. அவருடைய பெயரையே கொண்ட வேறு சிலரும் அதே தொகுதியில் களத்தில் இருந்தனர். இரண்டாம் இடம் வரை அவரால் வர முடிந்தது, ஏனெனில் முகம் முன்பே தெரிந்தது. முகமும் தெரியாதவருக்கு அந்தக் குறுகிய காலம் எதற்குப் போதும்?

சட்டம் வரையறுக்கும் காலமும் சுருங்கித்தான் வந்திருக்கிறது. திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 20 நாள்கள் வேண்டும் என்றிருந்ததை 1996ஆம் ஆண்டின் திருத்தம் 14 நாள்களாக்கியது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தோடு வந்ததே. அதற்குக் காரணம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. 1996இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேரும், மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேரும் போட்டியிட்டனர். அத்தனை பெயர்களை ஒரு வாக்குச்சீட்டில் அடக்க நேர்ந்த அதிகாரிகளின் துன்பம் உண்மையானது. ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் தம் குறையை எவரும் கேளாததால் எதிர்ப்பைக் காட்ட வந்த எளிய மக்கள் என்பதும் அதே அளவு உண்மை.

வேட்பாளர் கூட்டத்தைக் குறைக்கக் காப்புத்தொகையைத் தடையாக வைப்பதில் ஒரு பிழை இருப்பதாக நினைக்கிறேன். வாக்கைப் பிரிப்பதற்கென்று யாரோ நிறுத்திவைக்கும் பெயரொத்த வேட்பாளருக்கு 25,000 ரூபாய் ஒரு தடையே அல்ல. அவரை நிறுத்துகிறவரே அந்தப் பணத்தைக் கட்டிவிடுவார். தடையாவது ஓய்வூதியத்தில் வாழும் எங்கள் வேட்பாளருக்குத்தான். சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் சுயேச்சைகளே போட்டியிடக் கூடாது என்று பரிந்துரைத்ததைப் படித்தபோது வருந்தினேன். முதல் மக்களவைக்கு 37 சுயேச்சைகளைத் தேர்ந்தெடுத்த நாடு இது. 2024இல் அந்த எண்ணிக்கை 7. தகுதியை மக்களே அளந்துகொள்கிறார்கள், அவர்களுக்கு அளக்க நேரம் கிடைத்தால்.

ஆகவே என் கோரிக்கை இது. அங்கீகாரம் பெறாத பதிவுபெற்ற கட்சிகள் தம் வேட்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே பொதுச் சின்னம் கேட்டு, மக்களவை அல்லது சட்டப்பேரவையின் காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்க ஆணையம் வழி செய்துள்ளது. அந்த வழியைத் தனி வேட்பாளருக்கும் திறக்க வேண்டும். தொகுதியின் வாக்காளர்கள் ஐந்நூறு பேரின் கையெழுத்தைக் கொண்டுவருபவருக்கு, அத்தொகுதிக்கு மட்டும், சுயேச்சைகளுக்கான சின்னப் பட்டியலில் உள்ள ஒன்றைத் தற்காலிகமாக ஒதுக்கலாம். மனுத் தாக்கல் செய்யாவிட்டாலோ மனு தள்ளுபடியானாலோ அந்த ஒதுக்கீடு தானே நீங்கட்டும். ஐந்நூறு என்ற எண்ணில் எனக்குப் பிடிவாதமில்லை. ஆயிரமென்றாலும் வீடு வீடாக ஏறி இறங்கத் தயாராக இருக்கிறோம். விளையாட்டாக நிற்க வருபவரை அந்த உழைப்பு தடுக்கும். உண்மையாக நிற்பவருக்கு அந்த நடையே முதல் பரப்புரையாகிவிடும். சின்னங்கள் ஆணையைப் பிறப்பித்தது தேர்தல் ஆணையம்தான். தேர்தல் நடத்தை விதிகளின் 10ஆவது விதியும், சின்னம் ஒதுக்குவதை ஆணையத்தின் அறிவுறுத்தல்களுக்கு உட்பட்டதாகவே வைத்திருக்கிறது. என் புரிதலில், இதற்கு நாடாளுமன்றத்தின் சட்டத்திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வாக்காளர் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 78ஏ பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்களுக்குப் பட்டியலின் படிகளை இலவசமாக வழங்கச் சொல்கிறது. எங்களைப் போன்றோர் விலை கொடுத்து வாங்க வேண்டும், அல்லது இணையத்தில் வாக்குச்சாவடி வாரியாகப் பாகம் பாகமாக இறக்கி அச்சிட வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்களுக்கு இதைச் செய்ய எங்களிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. வசதி படைத்த கட்சிக்கோ அவை தேடிவருகின்றன. இப்பிரிவை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றால், இறுதிப் பட்டியலில் இடம்பெறும் எல்லா வேட்பாளருக்கும் படிகள் வழங்கப்பட வேண்டும் என்று ஆணையம் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

மனுவை ஏற்கும் இடத்தில் நாங்கள் கண்டதையும் சொல்லிவிடுகிறேன். முன்மொழிந்தவர்களுள் ஒருவரின் பாகம் எண், வாக்குச்சாவடிகளை மாற்றியமைத்தபோது மாறியிருந்தது. நாங்கள் பழைய எண்ணையே எழுதியிருந்தோம். வேட்பாளருடன் நால்வர் மட்டுமே உள்ளே செல்லலாம் என்பதால் அவர் வெளியே நின்றிருந்தார். மனுவை வாங்கும்போதே ஒப்பிட்டுப் பார்த்து, பிழையைச் சொன்ன அலுவலர், திருத்திய பிறகும் முகம் சுளிக்காமல் மறுபடி சரிபார்த்தார். சொத்து, வழக்கு விவரங்களைக் கூறும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாமல், பொருந்தாத இடத்தில் 'இல்லை' என்று எழுத வேண்டும் என்று நினைவூட்டியதும் அவரே. அவர் இருந்த இடத்தில் அவசரக்காரர் ஒருவர் இருந்திருந்தால் எங்கள் தேர்தல் அன்றே முடிந்திருக்கும். ஒருவரின் நற்குணத்தை நம்பி நிற்க வேண்டிய நிலை முதன்முறை வேட்பாளருக்கு இருக்கலாகாது. மனுத்தாக்கல் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னரே, தனி வங்கிக் கணக்கு, செலவுப் பதிவேடு, பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை மாநில மொழியில் விளக்கும் பயிற்சி நாள் ஒன்றை ஒவ்வொரு தொகுதியிலும், கட்சி வேறுபாடின்றி, ஆணையம் நடத்த வேண்டும்.

எங்கள் வேட்பாளர் அடுத்த மக்களவைத் தேர்தலிலும் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். முன்மொழிந்த பத்துப் பேரும் மீண்டும் கையெழுத்திட இசைந்துள்ளோம். சின்னம் பற்றிய எங்கள் கோரிக்கையை, அடுத்த மக்களவைத் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பாவது ஆணையம் எடுத்து ஆராய்ந்து, ஏற்பதாயினும் மறுப்பதாயினும் காரணத்துடன் அறிவிக்கும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்மொழிந்த பத்துப் பேரில் ஒருவன்