கலாச்சார வகுப்பு மேலதிகாரிகளுக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டால் அந்தப் புகைப்படம் உங்கள் நாளிதழில் முதல் பக்கத்தில் வந்துவிடுகிறது. எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை, எந்த சிப்காட்டில் எத்தனை ஏக்கர் எல்லாம் வருகிறது. ஆனால் ஆலை ஓட ஆரம்பித்த பிறகு உள்ளே யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள், கீழே நடப்பது மேலே போய்ச் சேர்கிறதா என்பதைப் பற்றி ஒரு வரி வருவதில்லை. வேலைநிறுத்தம் வந்தால்தான் வருகிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பான், கொரியா நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து தரும் ஆலைகளில் உற்பத்திப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெளியே தெரியாத இந்தப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த ஆலைகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே வகுப்பு எடுக்கிறார்கள். வெளிநாட்டு அதிகாரி வந்தால் எப்படி நிற்க வேண்டும், எப்படி வணக்கம் சொல்ல வேண்டும், கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக வர வேண்டும், வேலை இடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கும் 5எஸ் முறை என்றால் என்ன, சின்னச் சின்னதாக விடாமல் மேம்படுத்தும் கைசன் என்றால் என்ன. நல்ல விஷயம்தான், இதில் எனக்குக் குறையே இல்லை, வேலையில் ஒழுங்கு என்பதை நானும் அங்கேதான் கற்றேன். ஆனால் அந்த நாட்டிலிருந்து மூன்று நான்கு வருஷத்துக்கு அனுப்பப்பட்டு வரும் மேலாளருக்கு இந்த ஊரைப் பற்றி யார் வகுப்பு எடுக்கிறார்கள்? நான் பார்த்தவரை எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், எந்த டாக்டரிடம் போகலாம், சாலையில் எப்படி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அவருக்குக் கீழே ஆயிரம் பேர் வேலை செய்யப் போகிறார்கள், அந்த ஆயிரம் பேரைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது.

காலைக் கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முந்தின இரவு ஷிஃப்டில் ஒரு டை, அதாவது உதிரிபாகத்துக்கு உருவம் கொடுக்கும் அச்சு, உடைந்து லைன் இரண்டு மணி நேரம் நின்றிருக்கும். ஏன் நின்றது என்று ஆலைத் தலைவர் கேட்பார். ஷிஃப்ட் இன்சார்ஜ் தமிழில் சொல்வார்: இந்த டையை மாற்றச் சொல்லி மூன்று மாதமாக எழுதிக் கொடுக்கிறோம், மேலே கையெழுத்தாகவில்லை, வெல்டிங் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம், நேற்று போய்விட்டது. மொழிபெயர்க்கிறவன் சின்னப் பையன், சென்னையில் அந்த மொழியைப் படித்துவிட்டு வந்தவன், அவனும் காண்ட்ராக்டில்தான் இருக்கிறான். கையெழுத்துப் போட வேண்டியவர் அதே மேசையில் உட்கார்ந்திருக்கும்போது கையெழுத்தாகவில்லை என்ற பேச்சை அவன் எப்படி எடுப்பான்? 'டை பழசாகிவிட்டது, இனி கவனமாக இருக்கிறோம்' என்று முடித்துவிடுவான். அப்புறம் ஆலைத் தலைவர் முகம் சிவக்க நான்கு நிமிடம் பேசுவார், அது தமிழில் 'இனிமே பாத்துக்கச் சொல்றார்' என்று ஒரே வரியாக வந்து சேரும். சண்டை சச்சரவு இல்லாமல் கூட்டம் கலையும். டை மட்டும் மாறாது. அந்த மொழி கொஞ்சம் காதில் ஏறிய பிறகுதான் எனக்கே இது பிடிபட்டது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் நிலையில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட ஆலைத் தலைவர் ஊருக்குத் திரும்பியதும் என்ன சொல்வார்? இந்தியர்கள் பிரச்சினையை வெளியே சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் கலாச்சாரம் என்பார். மனிதவளத் துறைக்காரர்களிடம் இதற்கு ஒரு படமும் இருக்கிறது. டச்சு ஆய்வாளர் கெயர்ட் ஹாஃப்ஸ்டீட் 1967 முதல் 1973 வரை பல நாடுகளில் ஐபிஎம் கணினி நிறுவன ஊழியர்களிடம் கேட்ட கேள்விகளை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். மேலே கீழே என்ற வித்தியாசத்தை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதில் இந்தியாவுக்கு 77, கொரியாவுக்கு 60, ஜப்பானுக்கு 54. பயிற்சி வகுப்புகளில் இந்த எண்களைத் திரையில் போட்டுக் காட்டி, பாருங்கள், உங்கள் ஆட்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்கிறார்கள். அவை ஒரு நாட்டின் சராசரி, தனி ஆளுக்குப் பொருந்தாது என்று ஹாஃப்ஸ்டீடே சொல்லியிருக்கிறார், அது மட்டும் திரையில் வராது.

எங்கள் பக்கத்து ஆட்கள் வாய் பேசாதவர்களா? கிராம சபைக் கூட்டத்தில் வந்து பாருங்கள், டீக்கடையில் வந்து பாருங்கள். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் திங்கட்கிழமை வரிசையைப் பாருங்கள். அதே ஆள் ஆலைக்குள் வாய் மூடி நிற்கிறான் என்றால் அவன் டிரெய்னி, அப்ரண்டிஸ், காண்ட்ராக்ட். அடுத்த மாதம் கேட் பாஸ் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாதவன். அவன் வாயைக் கட்டுவது வேலைக்கு உத்தரவாதம் இல்லாத நிலை. அதைப் போய்ப் பண்பாடு என்று எழுதி வைத்துவிட்டால் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. வேலைக்கு வராதவர்கள் சில சமயம் ஐந்தில் ஒரு பங்கு, தரம் மோசம், நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் ஓயாத சண்டை. 1982இல் மூடிவிட்டார்கள். டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக 1984இல் அதே ஆலையை நும்மி என்ற பெயரில் திறந்தன. ஆட்களில் பெரும்பாலோர் பழைய ஆலையில் வேலை பார்த்த அதே ஆட்கள், சங்கமும் அதே சங்கம். ஜப்பானிய முறை அமெரிக்கனுக்கு ஒத்து வராது, குழுவாக வேலை செய்வது அவன் ரத்தத்திலேயே இல்லை என்று சொன்னவர்கள் நிறையப் பேர். டொயோட்டா அந்த ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஜப்பானுக்கு அனுப்பி, அங்கே லைனில் ஜப்பானியத் தொழிலாளிகளோடு நிற்க வைத்துப் பழக்கியது. அதிகாரிகளுக்குத் தனி கேன்டீன், தனி பார்க்கிங் எல்லாம் எடுத்துவிட்டார்கள். கோளாறு தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம், உடனே டீம் லீடர் ஓடி வருவார், சரி செய்ய முடியாவிட்டால் லைனே நிற்கும். 1988 வாக்கில் விற்பனை படுத்தபோதும் ஆட்களை வெளியே அனுப்பவில்லை, பயிற்சியிலும் சீர்திருத்த வேலைகளிலும் உட்கார வைத்தார்கள். வேலைக்கு வராமல் இருப்பது மிகக் குறைந்துபோனது, காரின் தரம் ஜப்பானில் செய்ததற்கு ஏறக்குறைய சமமாக வந்தது. ஆட்களின் தேசியப் பண்பாடு இரண்டு வருஷத்தில் மாறிவிடவில்லை, அவர்களை நடத்திய விதம்தான் மாறியது.

எங்கள் பக்கத்து ஆலைகளிலும் அந்தக் கயிறு தொங்குகிறது, சில இடத்தில் கயிறு, சில இடத்தில் சுவிட்ச். இழுத்தால் மஞ்சள் விளக்கு எரியும், பாட்டும் பாடும். ஆனால் நான் வேலை செய்த ஓரிடத்தில் ஒரு மாதத்தில் யார் யார் எத்தனை முறை இழுத்தார்கள் என்று பட்டியல் எடுத்து, அதிகம் இழுத்தவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதற்கப்புறம் யார் இழுப்பார்கள்? கோளாறோடு அப்படியே உதிரிபாகம் போய்க்கொண்டிருந்தது, வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து புகார் வந்த பிறகு எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

அந்நிய முறையைக் கொண்டுவந்து திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான வால்மார்ட் ஜெர்மனியில் பட்டது போதும். 1997இல் உள்ளே போனார்கள், முதல் தலைவராக அமெரிக்காவிலிருந்து போனவருக்கு ஜெர்மன் மொழி தெரியாது, அலுவலக மொழி ஆங்கிலம் என்றார்கள். ஊழியர்களுக்குள் காதல் கூடாது என்ற விதியை 2005இல் அங்குள்ள தொழிலாளர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2006இல் 85 கடைகளையும் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பர் 9 தொடங்கி அக்டோபர் பாதி வரை ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. அப்போது படித்தவர்களே என்னிடம், கொரியாக்காரன் சங்கத்தை ஏற்க மாட்டான், அவன் கலாச்சாரம் அப்படி, நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும் என்றார்கள். ஆனால் கொரியாவின் உல்சான் நகரில் ஹூண்டாய் தொழிலாளர்கள் 1987இலேயே சங்கம் கட்டியவர்கள், வேலைநிறுத்தத்துக்குப் பெயர் போனவர்கள். சாம்சங்கின் தலைவர் லீ ஜே யோங், சங்கமே கூடாது என்ற பழைய போக்கு இனி இருக்காது என்று 2020 மே மாதம் நாட்டு மக்கள் முன் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். ஸ்ரீபெரும்புதூருக்கு இரண்டு மாதம் முன்பு, 2024 ஜூலையில், கொரியாவிலேயே சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இதில் எது கொரியக் கலாச்சாரம்? ஒரு நிர்வாகத்தின் விருப்பத்தை ஒரு தேசத்தின் பண்பாடு என்று நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. இங்கே சங்கம் வைக்க 1926ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, அந்த ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் சங்கம் 2025 ஜனவரியில் பதிவும் ஆகிவிட்டது. 1918இலேயே பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் வெள்ளைக்கார நிர்வாகத்தின் கீழ் சென்னை தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய மண் இது, தொழிற்சங்கத் தலைவர்கள் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சங்கம். வருகிற மேலாளருக்கு முதல் வகுப்பில் இதைச் சொல்லலாமே.

நல்லபடியாக நடந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஜப்பானிய ஆலைத் தலைவர் வந்த முதல் வருஷம் பெயின்ட் ஷாப்பில் ஆயுத பூஜை கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். சட்டென்று தீப்பிடிக்கும் தின்னர் டிரம் பக்கத்தில் கற்பூரம் கொளுத்தினால் என்ன ஆகும் என்ற பயம், அது நியாயமான பயமும்கூட. ஆனால் காரணத்தைச் சொல்லாததால் சாமி கும்பிட விடமாட்டேன் என்கிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. கேன்டீனில் அவர் எதிரில் உட்கார்ந்து ஒரு வயதான ஃபோர்மேன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நேரடியாகவே கேட்டார். அவரும் காரணத்தைச் சொன்னார். அரை மணி நேரத்தில் பிரச்சினை தீர்ந்தது, பெயின்ட் ஷாப்பின் ஸ்ப்ரே கன்களைக் கழற்றி வெளியே ஷெட்டில் மேசை போட்டு வாழைக்கன்று கட்டி அங்கே பூஜை, பூசணிக்காய் உடைப்பதும் கேட்டுக்கு வெளியே. அவரே வந்து பொரி கடலை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் மாதம் ஒரு முறை இரவு ஷிஃப்டிலும் வந்து கேன்டீனில் உட்கார ஆரம்பித்தார், கூடவே யாரும் வரக் கூடாது என்பார். டை மாற்றும் கோப்புகள் அந்தக் காலத்தில்தான் வேகமாக நகர்ந்தன.

2021 டிசம்பரில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று, மருத்துவமனைக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவி, பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்களே, அதையும் நினைத்துப் பாருங்கள். இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி கட்டித் திறந்திருக்கிறார்கள், வரவேற்க வேண்டியதுதான். அந்த விடுதியில் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்கு வயிற்று வலி வந்தால் தமிழில் யாரிடம் சொல்வாள், அது எத்தனை மணி நேரத்தில் முடிவெடுக்கும் அதிகாரியின் காதுக்குப் போகும் என்பதுதான் என் கேள்வி.

அரசு நிலம் தருகிறது, வரிச்சலுகை தருகிறது, மின்சாரம் தருகிறது. பதிலுக்கு வேலைவாய்ப்பு எண்ணிக்கையை மட்டும் கேட்காமல் சிலவற்றை எழுதி வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் மேலாளர் பொறுப்பேற்கும் முன்பு இங்குள்ள தொழிலாளர் சட்டத்தையும் அடிப்படைப் பேச்சுத் தமிழையும் படித்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரை நிரந்தரப் பணியில் வைத்து, சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்ததற்காக அவருக்கு எந்தப் பாதிப்பும் வராது என்று நிர்வாகம் உறுதி தர வேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் இரு தரப்பும் உட்காரும் பணிக்குழு அமைக்க உத்தரவிடலாம் என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலிருந்தே இருக்கிறது. எத்தனை ஆலைகளில் அந்தக் குழு உண்மையில் கூடுகிறது, கூட்டக் குறிப்பு தமிழில் எழுதப்படுகிறதா என்று தொழிலாளர் துறை பட்டியல் வெளியிடட்டும்.

உங்கள் நிருபர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஒப்பந்தக் கையெழுத்து விழாவுக்குப் போகும்போது, முதலீட்டுத் தொகையைக் கேட்ட கையோடு அந்தப் பணிக்குழுவைப் பற்றியும் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உற்பத்தி மேற்பார்வையாளர்,
சுங்குவார்சத்திரம்.