மாலதிக்கு ஒரு கடிதம்

செம்பூர், மும்பை

அன்புள்ள மாலதி,

அப்பா இப்போது துணையில்லாமல் மாடி ஏறுகிறார் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் மனசு லேசானது. இங்கே மழை விட்டபாடில்லை. பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு, வீடே அவள் நேரத்துக்குத்தான் ஓடுகிறது.

வீடியோ எடிட் செய்யும்போது உன் கம்ப்யூட்டரில் ஒலி தகராறு செய்கிறது என்று, லாமிங்டன் ரோட்டில் சவுண்ட் கார்டு விலை கேட்கச் சொன்னாய். இப்போதைக்கு வாங்காதே மாலதி. கரகரப்பு, திடீரென்று ஒலி நிற்பது, படமும் ஒலியும் விலகுவது எல்லாம் கார்டு கெட்டதால் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. டிரைவர்கள், அதாவது ஒவ்வொரு சாதனத்தையும் விண்டோஸோடு பேசவைக்கிற மென்பொருள்கள், ஒன்றோடொன்று மோதுகின்றன.

எங்கள் எடிட்டிங் அறையிலும் இது வந்தது. சண்முகானந்தா ஹாலில் எடுத்த ஓர் அரங்கேற்றம். நட்டுவாங்கத் தாளம் விழுகிற இடத்தில் பாதம் விழவில்லை. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லி செகண்ட்தான். ஆனாலும் ஆட்டம் தெரிந்தவர்கள் சில ஃபிரேம் விலகினாலே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு துண்டை எக்ஸ்போர்ட் செய்து லேப்டாப்பில் போட்டோம், கனகச்சிதமாக இருந்தது. நீயும் முதலில் இதைச் செய். வேறு மெஷினில் சரியாக ஓடினால் உன் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, பிழை உன் கம்ப்யூட்டர் அதை ஒலிக்கவிடுகிற வழியில் இருக்கிறது.

உன் மெஷினில் இருப்பது மூன்று சவுண்ட் கார்டு. மதர்போர்டில் ஒன்று, கிராஃபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போவது ஒன்று, மைக்கும் ஹெட்ஃபோனும் மாட்ட நீ செருகியிருக்கிற யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் பெட்டி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர், ஒலியின் வேகத்தைக் கணக்கிடத் தனி கடிகாரம். மைக்கை ஒன்றிலும் ஹெட்ஃபோனை இன்னொன்றிலும் வைத்து, இரண்டு கடிகாரமும் பத்து லட்சத்தில் 50 பங்கு மாறினால் போதும்: ஒரு மணி நேரத்தில் 180 மில்லி செகண்ட், அதாவது நாலரை ஃபிரேம் விலகும். நாம் படித்தபோது பிராசஸரைக் கூப்பிடுகிற ஐஆர்க்யூ 5 என்ற லைனை யார் பிடிப்பது என்று கார்டுகள் அடித்துக்கொண்டன. இன்று எது டீஃபால்ட், அதாவது ஒலி தானாகப் போகிற சாதனம், என்பதில் சண்டை. எங்கள் அறையில் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்ததும் டீஃபால்ட் எச்டிஎம்ஐக்குத் தாவியிருந்தது.

ஏதாவது தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ரிஸ்டோர் பாயின்ட் வைத்துவிட்டு இன்டர்நெட்டைத் துண்டி. இல்லாவிட்டால் நீ நீக்குவதை விண்டோஸ் தானே திரும்பப் போட்டுவிடும். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களையும் காட்டச் சொல்; எப்போதோ செருகிய பழைய இன்டர்ஃபேஸ்கள் மங்கலாகத் தெரியும். அவற்றை டிரைவரோடு சேர்த்து நீக்கு. எச்டிஎம்ஐ ஆடியோவை டிசேபிள் செய், மதர்போர்டு ஒலியை, மெஷின் கிளம்பும்போது திறக்கிற பயாஸ் செட்டிங்கிலேயே அணை. பிறகு உன் இன்டர்ஃபேஸைச் செய்த கம்பெனியின் ஏசியோ டிரைவரை (ஒலியை நேராக இன்டர்ஃபேஸுக்கு அனுப்புவது) மட்டும் போடு. அது இருக்கும்போது, எந்தக் கார்டுக்கும் பொதுவான ஏசியோ4ஆல் டிரைவர் தேவையே இல்லை.

எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியரில் ஆடியோ ஹார்ட்வேர் பக்கம் போய் இன்புட்டை ‘நோ இன்புட்’ என்று வை. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் பாதித் தொல்லை இங்கேயே தீர்ந்துவிடும். ஒலியை முன்கூட்டிச் சேர்த்துவைக்கிற பஃபரை 1024 சாம்பிளுக்கு (சாம்பிள் என்பது ஒலியின் ஒரு துளி அளவீடு) ஏற்று. நொடிக்கு 48,000 சாம்பிளில் அது 21 மில்லி செகண்ட் தாமதம்தான்; எடிட்டிங்கில் உன் எதிரே யாரும் உட்கார்ந்து பாடப்போவதில்லை.

நொடிக்கு எத்தனை சாம்பிள் என்கிற சாம்பிள் ரேட்டில் மட்டும் கறாராக இரு. வீடியோவுக்கு 48,000, சிடிக்கு 44,100. புராஜெக்ட், விண்டோஸ், இன்டர்ஃபேஸ் மூன்றிலும் 48,000 இருக்கட்டும். 44,100-ல் பதிந்ததை 48,000 என்று எடுத்துக்கொண்டு ஓட்டினால் ஒரு மணி நேரக் கச்சேரி 55 நிமிடத்தில் முடியும், சுருதி முக்கால் கட்டை ஏறிக் கேட்கும். பாடினவருக்கு நாம் அப்படியொரு அநியாயம் செய்யக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் கரகரத்தால் எந்த டிரைவர் தாமதப்படுத்துகிறது என்று காட்டுகிற லேட்டன்சிமான் என்ற புரோகிராமைப் பத்து நிமிடம் ஓடவிடு. பல நேரம் வைஃபை டிரைவர்தான் பிராசஸரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பு. ஞாயிறு மத்தியானம் நான் சும்மாதான் இருப்பேன், போனில் பேசிக்கொண்டே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
கீதா